தொழிற்கல்விக்கு வித்திட்ட சர் எம். விசுவேசுவரய்யா

சிக்கபல்லாபூரை அடுத்த முத்தேனஹள்ளியில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டே பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்து, 1881-ல் பி.ஏ. தேறினார். மேலே எஞ்சினீயரிங் படிக்கக் கையில் பணமில்லை. மைசூர் அரசு அளித்த உபகாரச் சம்பளத்தில் பூனா சென்று பயின்று, 1883-ல் முதலிடம் பெற்றார்.

1912-ல் அவர் மைசூர் திவானானார். 1917-ல் பெங்களூரில் அரசு எஞ்சினீயரிங் கல்லூரி தொடங்கப்பட்டது. சமஸ்தானத்து மாணவர்கள் பூனாவுக்கோ கிண்டிக்கோ போய்த்தான் படிக்க வேண்டும் என்ற நிலை மாறியது.

பட்டதாரிகள் மட்டும் போதாது. பட்டறையில் கைவேலை பழகியவர்களும் நாட்டுக்குத் தேவை என்பது அவர் கொள்கை. பத்ராவதி இரும்பாலைத் தலைவராக உழைத்ததற்குத் தமக்குச் சேர வேண்டிய ஊதியத்தை, தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று அமைக்கத் தந்துவிட்டார். 1943-ல் பெங்களூரில் அது உருவாயிற்று. அதற்குத் தம் பெயரை வைக்க அவர் இசையவில்லை. மகாராஜா ஜயசாமராஜேந்திரரின் பெயரே சூட்டப்பட்டது. அது இன்றும் பாலிடெக்னிக்காக நடந்து வருகிறது.

1955-ல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1962 ஏப்ரல் 14-ல் காலமானார். அவர் பிறந்த செப்டம்பர் 15, எஞ்சினீயர்கள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தம் பெயர் வேண்டாம் என்றவரின் பெயரையே 1917-ல் தோன்றிய கல்லூரி இன்று தாங்கி நிற்கிறது.