ஐடா ஸ்கடர் அம்மையாரின் நாட்பொழுது

கல்லூரியில் வாழும் நம் யாவர்க்கும் பொதுவான முறையீடு ஒன்றுண்டு. சங்கக் கூட்டம், விடுதிக் கூட்டம், ஆண்டு விழா ஆலோசனைக் கூட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்து பகற்பொழுதைக் கொள்ளை கொள்கின்றன. செய்யவேண்டிய வேலையோ காலையிற் கிடந்தவாறே மாலையிலும் கிடக்கின்றது என்பதே அது. இதற்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. பாலாற்றங்கரையிற் பிறந்து, வேலூரில் உழைத்து, உலகறிந்த பேர் பெற்ற டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் சரித்திரத்தை ஊன்றி நோக்கினாற் போதும்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். இவருடைய பாட்டனார் 1819-இல் அமெரிக்காவினின்று புறப்பட்டு இலங்கையிலும் பின்னர் சென்னையிலும் வைத்தியத் தொண்டு புரிந்தவர், தந்தையாரும் வைத்தியரே. ஆயினும், அமெரிக்காவிற் கல்வி பயின்ற இளம்பெண்ணாகிய ஐடா, குலத்தொழிலை மேற்கொள்ள ஒருப்படவில்லை. நோயுற்ற தாயாருக்கு உதவும்பொருட்டே திண்டிவனத்திற்கு வந்தார். அங்கே ஓரிரவில், ஒருவரையொருவர் அறியாத மூவர் தனித்தனியே வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு ஹிந்து வகுப்பினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். தந்தையாரை அனுப்புவதாக ஐடா கூறியும், ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுதற்கு அவர்கள் இசைந்திலர். பொழுது விடிவதற்குள் மூன்று மாதரும் இறந்தனர். குறித்த நேரத்தில் வாராத அவ்வழைப்பே அவர் வாழ்நாள் முழுவதையும் வகுத்துவிட்டது.

மீண்டும் அமெரிக்கா சென்று வைத்தியம் கற்று, 1899-இல் கார்னெல் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றார். கப்பலேறுமுன் வைத்தியசாலைக்குப் பொருள் திரட்டவேண்டி, நியூயார்க்கில் மிஷன் ஊழியத்திற் பற்றுடைய அம்மையார் ஒருவரைக் கண்டு பேசினார். அவ்வீட்டிலிருந்த செல் என்னும் தனவந்தர் அப்பேச்சைக் கேட்டு மனமிரங்கி, இறந்துபோன தம் மனைவியின் நினைவாகப் 10,000 டாலர் அளித்தார். ஒரு சந்திப்பு ஒரு வைத்தியசாலையாயிற்று. 1900-இல் வேலூருக்கு வந்த சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். துணையின்றித் தனித்து நின்ற அம்மையார், வீட்டின் ஓர் அறையிலேயே சிகிச்சை தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் செல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. இன்று அது கண் வைத்தியசாலையாக விளங்குகின்றது.

வைத்தியசாலை அமைந்தும், அதனை நாடி வர இயலாத பெண்கள் எண்ணிறந்தோர் இருந்தனர். கோஷா காத்த மாதர்களும், நாட்கூலியை இழக்கமாட்டாத ஏழைகளும் வேலூர்வரை எங்ஙனம் வருவர்? ஆகவே 1906 முதல் அம்மையாரே மருந்துப் பெட்டிகளோடு குடியாத்தம் சாலையிற் செல்லலானார். முதலில் மாட்டு வண்டி. 1909 முதல் மோட்டார் வண்டி. சாலையோரத்தில் இன்ன இன்ன மரத்தடியென இடங்கள் குறிக்கப்பட்டன. வாரத்தில் அதற்கென ஒரு நாள் ஒதுக்கப்பட்டது. நோயாளிகள் அங்கே முன்னரே கூடியிருப்பர்.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தை நாம் சிந்தித்தல் வேண்டும். நெசவாளி ஒருவன் தறியை நிறுத்திவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு நான்கு மைல் நடந்து மரத்தடிக்கு வருகிறான். அன்றைய தினம் வைத்தியர் வேறொரு கூட்டத்திற்குச் சென்றுவிட்டால், அவன் இழப்பது ஒரு நாட்கூலி மாத்திரமன்று, நம்பிக்கையையும் இழப்பான். அடுத்த வாரம் அவன் வாரான். ஆதலால் நாள் குறித்தல் என்பது தன் சௌகரியத்திற்காகச் செய்யும் ஒழுங்கன்று. காத்திருப்போருக்குக் கொடுத்த வாக்கு.

1909-இல் தாதியர் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியும் தோன்றின. ஆறு பேர் மனுச் செய்தால் தொடங்கலாம் என்றே மாகாண வைத்தியத் தலைவர் அரைமனத்தோடு இசைந்தார். வந்த மனுக்களோ 151. ஆசிரியர் போதாமையால் உடற்கூற்று நூலை அம்மையாரே கற்பித்தார். இரண சிகிச்சையும் நோயாளிகளைப் பார்வையிடலும் அதனால் நின்றுவிடவில்லை. முதலாண்டுத் தேர்விற்குச் சென்ற மாணவியர் பதினால்வரும் தேறினர். ஆடவரில் ஐவருக்கொருவரே தேறிய காலம் அது.

எனினும் கூட்டங்கள் யாவும் வீண் என்று அம்மையார் கருதினாரல்லர். பல மிஷன்கள் கூடி நடத்திய பள்ளியாதலின், ஆலோசனைச் சபைகளுக்குக் குறைவில்லை. 1938-இல் சென்னைச் சர்க்கார், இனி எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கே பயிற்றவேண்டுமென்று விதித்தபோது, பள்ளி மூடப்படும் நிலை நேர்ந்தது. ஆடவரையும் சேர்ப்பதா, பெண்களுக்கே நிலைநிறுத்துவதா என்னும் வாதம் நண்பரையும் பிரித்தது. எழுபது வயதை எட்டிய அம்மையார் 1941-இல் அமெரிக்கா சென்று, யுத்த காலம் முழுவதும் ஊர் ஊராய்க் கூட்டங்களிற் பேசிப் பொருள் திரட்டினார். அக்காலத்தில் அவருக்குக் கூட்டமே வேலை. பெண்களுக்கென்றே தாம் வளர்த்த பள்ளி நிலைபெறும்பொருட்டு ஆடவரையும் சேர்க்க உடன்பட்டார். 1947-இல் ஆண் மாணவரும் சேர்ந்தனர். 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் கொடைக்கானலில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கவை மூன்று. வாரத்தில் எந்தப் பொழுது பிறருக்கு வாக்களிக்கப்பட்டதோ, அதனை முதலிற் குறித்துவிட்டு, எஞ்சிய பொழுதிலே கூட்டங்களுக்கு இடந்தருதல் ஒன்று. முடிவொன்று பிறக்கவேண்டிய கூட்டத்திற்கு முழுமனத்தோடு செல்லுதல் மற்றொன்று. எத்துணை ஒழுங்காக வகுத்த நாளிலும், நள்ளிரவிற் கதவைத் தட்டுவோருக்குச் சிறிது இடம் விட்டுவைத்தல் மூன்றாவது. அடுத்த கூட்டத்திற்கு நாட்குறிப்பைத் திறக்கும் மாணவ நண்பர்காள்! நமக்காக எந்த மரத்தடியில் யார் காத்திருக்கின்றனர் என்று முதலில் எண்ணிப் பார்ப்போமாக.