ரிச்சர்ட் நிக்சன்: ஒரு மணி நேர டிவி விவாதம் ஒரு தலைவர் மீதான நம்பிக்கையைக் குலைத்ததா?

1960 செப்டம்பர் 26, திங்கட்கிழமை இரவு. சிகாகோவில் சிபிஎஸ் டிவியின் ஸ்டூடியோ. அமெரிக்க வரலாற்றில் முதல்முறையாக இரண்டு அதிபர் வேட்பாளர்கள் டிவியில் நேருக்கு நேர் விவாதம் செய்கிறார்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சியின் 43 வயது செனட்டர் ஜான் எஃப். கென்னடி. இன்னொருவர் எட்டு வருடமாகத் துணை அதிபராக இருக்கும் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சன். 6 கோடிக்கும் அதிகமானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் நிக்சனின் அம்மா ஹன்னா, மகனின் செயலாளருக்கு போன் போட்டார். பையனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அந்த அளவுக்கு இருந்தது திரையில் அவர் முகம்.

மேக்கப் போடாததால் அதிபர் பதவியைக் கோட்டைவிட்டவர் என்றுதான் நிக்சனின் கதையைப் பலரும் சொல்வார்கள். கேட்க சுவாரஸ்யமாக இருக்கும். ஆனால் அந்த இரவில் அவரது ஆதரவாளர்கள் சோர்ந்துபோனதற்கு வியர்வை மட்டுமே காரணமில்லை. அதைப் புரிந்துகொள்ள, விவாத மேடை இந்த மனிதருக்கு என்னவாக இருந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்கணும்.

பேச்சாலேயே மேலே வந்தவர்

1913 ஜனவரி 9 அன்று கலிஃபோர்னியாவின் யோர்பா லிண்டாவில் பிறந்தார் நிக்சன். அப்பா ஃபிராங்க்கின் எலுமிச்சைத் தோட்டம் படுத்துவிட்டது. குடும்பம் விட்டியர் ஊருக்குக் குடிபெயர்ந்து, பெட்ரோல் பங்கும் மளிகைக் கடையும் நடத்தியது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, லாஸ் ஏஞ்சலஸ் சந்தைக்கு வண்டி ஓட்டிப் போய்க் காய்கறி வாங்கி வந்து கடையில் அடுக்கிவிட்டுப் படிக்கப் போன பையன் அவர். சகோதரர்கள் இரண்டு பேர் இளம் வயதிலேயே இறந்தார்கள். ஹார்வர்டில் படிக்க உதவித்தொகை வாய்ப்பு வந்தும், வீட்டுச் செலவு இடம் கொடுக்காததால் உள்ளூர் விட்டியர் கல்லூரியிலேயே சேர்ந்தார்.

பணம் இல்லை, பெரிய குடும்பப் பின்னணி இல்லை. இருந்தது பேச்சு. பள்ளியிலும் கல்லூரியிலும் விவாதப் போட்டிகளில் பரிசு வாங்கிக் குவித்தார்.

1946இல் நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கு முதல்முறை போட்டியிட்டபோது, எதிரில் நின்றவர் ஐந்து முறை வென்ற ஜெர்ரி வூர்ஹிஸ். தொகுதியில் நல்ல பெயர் எடுத்தவர். சவுத் பசடீனாவில் நடந்த விவாதத்தில், இடதுசாரி தொழிற்சங்கங்களின் அரசியல் குழு வூர்ஹிஸை ஆதரிக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நிக்சன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக வூர்ஹிஸிடமே நடந்து போய் நீட்டினார். அது வேறு அமைப்பின் காகிதம். வூர்ஹிஸ் அதைச் சொல்லவும் செய்தார், ஆனால் தடுமாறிச் சொன்னார். கூட்டத்துக்கு அந்தத் தடுமாற்றம்தான் மனதில் நின்றது. அந்தத் தேர்தலில் 15,000 ஓட்டுக்கும் மேல் வித்தியாசத்தில் நிக்சன் ஜெயித்தார்.

இந்த இடத்தைக் கவனிங்க. வாதத்தில் உண்மை யார் பக்கம் இருந்தாலும், மேடையில் தடுமாறியவர் மீது மக்களுக்கு நம்பிக்கை போய்விடும் என்பதை அமெரிக்காவில் நிக்சனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

டிவியும் அவருக்குப் புதுசில்லை. 1952இல் துணை அதிபர் வேட்பாளராக இருந்தபோது, ஆதரவாளர்கள் ரகசியமாகத் திரட்டிக் கொடுத்த நிதி பற்றிய சர்ச்சை வெடித்தது. அவரைக் கழற்றிவிடச் சொல்லி சொந்தக் கட்சியிலேயே குரல் எழுந்தது. டிவியில் அரை மணி நேரம் வீட்டுக் கணக்கு வழக்கை எல்லாம் விவரித்து, பரிசாக வந்த நாய்க்குட்டி செக்கர்ஸைத் திருப்பித் தர முடியாது என்றும் சொன்னார். ஆதரவுத் தந்திகள் குவிந்தன, பதவி தப்பியது. 1959இல் மாஸ்கோ கண்காட்சியில், மாதிரி சமையலறை ஒன்றின் முன்னால் சோவியத் தலைவர் குருஷேவுடனேயே மல்லுக்கட்டினார்.

இப்படிப்பட்டவர் கென்னடியைச் சுலபமாக மடக்கிவிடுவார் என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

அன்று என்னதான் நடந்தது?

ஆகஸ்ட் மாதம் வட கரோலினாவில் கார் கதவில் முழங்கால் இடித்து, அது சீழ்பிடித்தது. சுமார் இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். எடை குறைந்து சட்டைக் காலர் தொளதொளவென்று ஆனது. ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் 50 மாநிலங்களுக்கும் நேரில் வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார், எனவே ஓட்டமாய் ஓடினார். விவாதம் நடந்த அன்று காலையிலும் சிகாகோவில் தச்சர் சங்கக் கூட்டத்தில் பேசினார். கென்னடியோ உதவியாளர்களை வைத்துக் கேள்வி பதில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூடியோ வாசலில் இறங்கும்போது அதே முழங்கால் மறுபடி இடித்துக்கொண்டது நிக்சனுக்கு!

கென்னடி மேக்கப் வேண்டாம் என்றதும் இவரும் வேண்டாம் என்றுவிட்டார். தாடி நிழலை மறைக்க ஏதோ பவுடரை மட்டும் பூசிக்கொண்டார். வெளிர் சாம்பல் கோட் பின்னணித் திரையோடு கலந்துபோனது. விளக்குச் சூட்டில் வியர்த்தது. இதெல்லாம் நடந்தது உண்மைதான்.

ஆனால் பேச்சைக் கவனித்தால், பிரச்சினை தோற்றத்தோடு நிற்கவில்லை என்று தெரியும். அமெரிக்கா இன்னும் வேகமாக முன்னேற வேண்டும் என்று கென்னடி கேமராவைப் பார்த்து, அதாவது வீட்டில் இருப்பவரைப் பார்த்துப் பேசினார். நிக்சன் தொடங்கியதே கென்னடி சொன்ன பலவற்றையும் ஒப்புக்கொண்டுதான். இலக்கில் வேறுபாடில்லை, வழியில்தான் வேறுபாடு என்ற தொனி. கென்னடிக்கு அனுபவம் போதாது என்பதுதான் நிக்சன் தரப்பின் முக்கிய ஆயுதம். முதல் கேள்வியே அதைப் பற்றி வந்து, கென்னடி பதில் சொல்லி முடித்ததும், மறுப்புச் சொல்ல நிக்சனுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். கருத்து எதுவும் இல்லை என்றுவிட்டார்.

காரணம் இருந்தது. ஆளை அடிக்கும் அரசியல்வாதி என்ற பழைய பெயரை அழிக்கணும் என்று அவருக்கு ஆலோசனை சொல்லியிருந்தார்கள். அதனால் தன்மையாக நடந்துகொண்டார். சண்டைக்காரரை எதிர்பார்த்து டிவி முன் உட்கார்ந்த ஆதரவாளருக்கு, எதிராளிக்குத் தலையாட்டும் ஒருவர் கிடைத்தார். என் பார்வையில் பவுடரைவிட இதுதான் பெரிய சறுக்கல்.

அடுத்த குத்து சொந்த முகாமிலிருந்து வந்தது. நிக்சனின் எந்த முக்கிய யோசனையை நீங்கள் ஏற்றீர்கள் என்று அதிபர் ஐசனோவரிடம் ஒரு மாதம் முன்பு நிருபர்கள் கேட்டிருந்தார்கள். ஒரு வாரம் டைம் கொடுத்தால் யோசித்துப் பார்க்கலாம் என்கிற மாதிரி அவர் பதில் சொல்லியிருந்தார். விவாதத்தில் அதையே கேள்வியாக நிக்சன் முன் வைத்தார் ஒரு பத்திரிகையாளர். அது விளையாட்டாகச் சொன்னதாக இருக்கலாம் என்று சமாளிக்க வேண்டியதாயிற்று. அனுபவம்தான் பலம் என்றவரிடமே அனுபவத்துக்குச் சான்று கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

ரேடியோவில் கேட்டவர்கள்?

டிவியில் பார்த்தவர்களுக்கு கென்னடி ஜெயித்தார், ரேடியோவில் கேட்டவர்களுக்கு நிக்சன் ஜெயித்தார் என்று ஒரு தகவல் அடிக்கடி ஷேர் ஆகும். அதன் ஆதாரம் பெரும்பாலும் சிண்ட்லிங்கர் என்ற நிறுவனம் எடுத்த ஒரே ஒரு கருத்துக்கணிப்பு. அதில் ரேடியோ கேட்டதாகச் சொன்னவர்கள் சில நூறு பேர்தான். அப்போது பத்தில் ஒன்பது அமெரிக்க வீடுகளில் டிவி வந்துவிட்டது. ரேடியோவை நம்பியிருந்தவர்களில் கிராமப்புற புராட்டஸ்டன்ட்டுகள் அதிகம் இருந்திருக்கலாம். கத்தோலிக்கரான கென்னடி மீது அவர்களில் பலருக்கு ஏற்கெனவே தயக்கம் உண்டு. 1987இல் இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஓட்டைகளைச் சுட்டிக்காட்டினார்கள். கதை மட்டும் நிற்கவில்லை.

கருத்துக்கணிப்புகளும் தலைகீழாக மாறவில்லை. கிட்டத்தட்ட சமமாக இருந்த போட்டியில் கென்னடி சில புள்ளிகள் முன்னே போனார், அவ்வளவுதான். அடுத்த மூன்று விவாதங்களில் நிக்சன் எடை ஏற்றி, மேக்கப் போட்டு, நன்றாகவே பேசினார். ஆனால் முதல் விவாதத்துக்கு இருந்த கூட்டம் அவற்றுக்கு இல்லை.

நவம்பரில் பதிவான 6 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் இருவருக்கும் வித்தியாசம் சுமார் 1.12 லட்சம். இவ்வளவு நெருக்கம் என்றால் எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லலாம்: வேலையின்மை, மத ஓட்டு, சிறையில் இருந்த மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவிக்குக் கென்னடி போட்ட போன். விவாதமும் அதில் ஒன்று.

நம்பிக்கை இழந்த இன்னொருவர்

1962இல் வெளியான ‘சிக்ஸ் கிரைசிஸ்’ என்ற தன் நூலில் நிக்சன் அந்த இரவை அலசினார். விஷயத்தில் அதிகக் கவனம் வைத்து, தோற்றத்தில் கோட்டைவிட்டேன் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட பாடம். அதே வருடம் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலிலும் தோற்றார். அரசியல் வாழ்க்கை முடிந்தது என்றே எல்லோரும் எழுதினார்கள்.

1968இல் திரும்பி வந்தார், அதிபரும் ஆனார். ஆனால் இந்தமுறை ஹியூபர்ட் ஹம்ப்ரியோடு விவாதத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, தேர்ந்தெடுத்த சாதாரண மக்கள் கேள்வி கேட்க, ஆதரவாளர்கள் நிறைந்த அரங்கில் அவர் பதில் சொல்லும் டிவி நிகழ்ச்சிகள் தயாராகின. தயாரித்தவர் ரோஜர் அய்ல்ஸ், பின்னாளில் ஃபாக்ஸ் நியூஸை உருவாக்கியவர். 1972இல் ஜார்ஜ் மெக்கவர்னோடும் விவாதம் இல்லை. அந்தமுறை 50 மாநிலங்களில் 49ஐ வென்றார்.

எதிராளி கேள்வி கேட்கும் மேடையைத் தவிர்த்தவரை, வெள்ளை மாளிகையில் அவரே பதிவு செய்து வைத்த ஒலிநாடாக்கள் மாட்டிவிட்டன. வாட்டர்கேட் ஊழலை மூடிமறைத்தது வெளிவந்து, 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். அமெரிக்க வரலாற்றில் ராஜினாமா செய்த ஒரே அதிபர் அவர்தான்.

அதிபர் வேட்பாளர்களின் டிவி விவாதம் 1976இல்தான் மறுபடி வந்தது. இடையில் 16 வருடங்கள், மூன்று தேர்தல்கள். 1994 ஏப்ரல் 22 அன்று நியூயார்க்கில் தன் 81ஆவது வயதில் நிக்சன் இறந்தார். யோர்பா லிண்டாவில் பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.