பத்மினி காருக்கு முன்னாடி ஒரு வால்சந்த் இருந்தார்

'பண்ணையாரும் பத்மினியும்' படம் பார்க்காதவங்க நம்ம காலேஜ்ல ரொம்பக் குறைவு. 2014-ல வந்த படம். ஒரு பண்ணையார், அவர் மனைவி, ஒரு டிரைவர், இவங்க மூணு பேரும் உயிரா நினைக்கிற ஒரு பழைய கார். அந்தக் காரோட முழுப் பெயர் பிரீமியர் பத்மினி. நம்ம நாட்டியப் பேரொளி பத்மினிக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை, அது சித்தோர்கர் ராணியோட பெயர். வீட்டுல தாத்தாவைக் கேட்டா ஃபியட் கார்னு சொல்லுவார். மும்பைக்காரங்களுக்கு அதுதான் கருப்பு மஞ்சள் டாக்சி. அங்க கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோட ஓய்வு பெற்றது. அன்னைக்கு இன்ஸ்டாகிராம் முழுக்க ஒரே பிரியாவிடை.

காருக்கு பிரியாவிடை சொன்னோம். அந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச மனுஷன் யாருன்னு கேட்டா நம்மில் பல பேருக்குத் தெரியாது. அவர் பெயர் வால்சந்த் ஹிராசந்த். கார் அவர் செஞ்ச மூணாவது பெரிய வேலை. அதுக்கு முன்னாடியே கப்பலும் விமானமும் இருக்கு.

டிகிரி முடிக்காத கான்ட்ராக்டர்

வால்சந்த் 1882 நவம்பர் 23-ல சோலாப்பூர்ல பிறந்தார். குஜராத்திலிருந்து மகாராஷ்டிராவுக்குக் குடிபெயர்ந்த ஜைனக் குடும்பம். வட்டிக்கடை, பருத்தி வியாபாரம். கல்லூரியில சேர்ந்தார், ஆனா டிகிரியை முடிக்காமலேயே குடும்பத் தொழிலுக்குத் திரும்பிட்டார். அந்தத் தொழில்ல அவருக்கு மனசு ஒட்டலை. கடையில உட்கார்ந்து வட்டி எண்ணுற ஆள் இல்லை அவர்.

ரயில்வேயில கிளார்க்கா இருந்த லட்சுமண்ராவ் பாடக் என்பவரோட கூட்டு சேர்ந்து ரயில்வே கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பிச்சார். மண் வெட்டி மேடு போடுறது, பாலம், பிறகு சுரங்கப்பாதை. பம்பாய்க்கும் பூனாவுக்கும் நடுவுல இருக்கிற போர் காட் மலையில ரயில் சுரங்கங்கள் போட்டதுல அவர் கம்பெனிக்குப் பங்கு உண்டு. 1926-ல அவர் ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி, அதாவது ஹெச்சிசி, இன்னைக்கும் அணையும் பாலமும் கட்டிக்கிட்டு இருக்கு. நம்ம சிவில் டிபார்ட்மென்ட் ஆட்களுக்கு இந்தப் பெயர் புதுசா இருக்காது.

வ.உ.சி. விட்ட இடத்துல ஒரு கப்பல்

வ.உ.சி. 1906-ல தூத்துக்குடியில சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச கதை நமக்கு ஸ்கூல்லயே தெரியும். எதிர்ல நின்னது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அவங்க கட்டணத்தைத் தாறுமாறா குறைச்சாங்க. அரசாங்கம் வ.உ.சி.யைச் சிறையில போட்டுச்சு. சுதேசிக் கம்பெனி மூழ்கிடுச்சு.

அதுக்குப் பிறகு சில வருஷத்துல அதே எதிரியோட மோத வந்தவர்தான் வால்சந்த். முதல் உலகப் போர் முடிஞ்ச நேரம். குவாலியர் மகாராஜா சிந்தியா போருக்காக ஆஸ்பத்திரிக் கப்பலா மாத்தி வச்சிருந்த 'லாயல்டி' விற்பனைக்கு வந்தது. வால்சந்தும் நரோத்தம் மொரார்ஜி போன்ற நண்பர்களும் சேர்ந்து அதை வாங்கினாங்க. சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பிறந்தது. 1919 ஏப்ரல் 5-ல லாயல்டி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிச்சு. இந்தியா ஏப்ரல் 5-ஐ தேசிய கடல்சார் தினமாக் கொண்டாடுறது இந்தப் பயணத்தை வச்சுதான்.

ஆனா லாயல்டி ரொம்பப் பழைய கப்பல். 1890-ல கட்டினது. சில வருஷத்துல பழைய இரும்புக்குப் போயிடுச்சு. கட்டணப் போட்டி இங்கயும் நடந்தது. வ.உ.சி.க்குக் கிடைக்காத ஒண்ணு வால்சந்த் குழுவுக்குக் கிடைச்சது: பம்பாயோட பெரிய முதலீடு. அதனால தாக்குப் பிடிச்சாங்க. 1923-ல பிரிட்டிஷ் கம்பெனியோட ஒரு ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. எத்தனை டன் வரைக்கும் கப்பல் வச்சுக்கலாம், எங்க ஓட்டலாம்னு எல்லாத்துக்கும் வரம்பு. அவருக்கு அது பிடிக்கலை, ஆனா கம்பெனி உயிரோட இருந்தது. 1929-ல அவரே தலைவரானார்.

காரைத் தேடிப் போனவர் விமானத்தோட வந்தார்

1930-கள்ல இந்தியாவுல கார் இருந்தது, கார் தொழில் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில அசெம்ப்ளி ஆரம்பிச்சிடுச்சு, ஃபோர்டும் வந்துடுச்சு. பெட்டியில பாகங்கள் வரும், இங்க போல்ட் போட்டு மாட்டுவாங்க, விற்பாங்க. அவ்வளவுதான். இன்ஜினை இங்கேயே வார்க்கணும், கியரை இங்கேயே வெட்டணும்னு அவங்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

இதை மாத்தணும்னு முதல்ல திட்டம் போட்டவர் நாம ஒவ்வொரு செப்டம்பர் 15-உம் பொறியாளர் தினத்துல மாலை போடுற விஸ்வேஸ்வரய்யா. கார் தொழிற்சாலைக்கு முழுத் திட்ட அறிக்கையே தயார் பண்ணினார். வால்சந்த் அவரோட சேர்ந்தார். 1939-ல அமெரிக்கா போனார். ஃபோர்டோட பேச்சு படியலை. கடைசியில கிறைஸ்லர் தொழில்நுட்பம் தர ஒத்துக்கிச்சு. ஆனா இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அரசு கை கொடுக்கலை. போர் நேரத்துல கார் தொழிற்சாலை முக்கியம் இல்லைன்னு தள்ளிப் போட்டுடுச்சு.

அந்த அமெரிக்கப் பயணத்துல இன்னொரு விஷயம் நடந்தது. திரும்பி வர்ற வழியில விமானத்துல வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். பாலி சீனாவுக்காக விமானம் செய்ற தொழில்ல இருந்தவர். அந்தப் பேச்சு பெங்களூர்ல வந்து முடிஞ்சது. மைசூர் சமஸ்தானம் நிலமும் பணமும் கொடுத்தது. 1940 டிசம்பர் 23-ல ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனி பதிவாச்சு. அடுத்த வருஷமே ஒரு பயிற்சி விமானம் அங்க தயாராகிப் பறந்தது. அந்தக் கம்பெனிதான் இன்னைக்கு ஹெச்ஏஎல். சூலூர் விமானப்படைத் தளத்துல இருக்கிற தேஜஸ் அங்க செஞ்சதுதான்.

1941 ஜூன் 21-ல விசாகப்பட்டினத்துல கப்பல் கட்டும் தளத்துக்கு ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அதுவும் வால்சந்த் வேலைதான். ஒரே ரெண்டு வருஷ இடைவெளியில விமானம், கப்பல் ரெண்டையும் தொடங்கின ஆள் அவர். கையில சூப்பர் கம்ப்யூட்டர் இல்லை, அரசாங்கம் கூட இல்லை.

ரெண்டுமே அவர் கையில நிக்கலை. ஜப்பான் போர்ல இறங்கினதும் 1942-ல விமானத் தொழிற்சாலையை அரசு எடுத்துக்கிச்சு. விசாகப்பட்டினத் தளத்துல முதல் பெரிய கப்பலான 'ஜல உஷா'வை 1948 மார்ச் 14-ல நேரு கடல்ல இறக்கினார். 1952-ல அங்கயும் அரசு பெரும்பங்கை வாங்கிக்கிச்சு.

குர்லாவில் பிரீமியர்

கார் ஆசை மட்டும் விடலை. 1944-ல பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆரம்பிச்சார். பம்பாய் குர்லாவில் தொழிற்சாலை. 1947-ல கிறைஸ்லர் லைசென்ஸ்ல டாட்ஜ், பிளைமவுத் கார்களும் லாரிகளும் வெளியே வர ஆரம்பிச்சது. 1951-ல இத்தாலிய ஃபியட்டோட கைகோத்து சின்ன கார் பக்கம் வந்தாங்க.

இதுக்குள்ள வால்சந்துக்கு உடம்பு முடியலை. 1949-ல பக்கவாதம். 1950-ல பொறுப்புகளை விட்டுட்டார். 1953 ஏப்ரல் 8-ல குஜராத்துல சித்பூர்ங்கிற ஊர்ல இறந்தார். வயசு 70.

அவர் இறந்த அதே காலத்துல சுதந்திர இந்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. படிப்படியா இங்கேயே தயாரிக்கத் திட்டம் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அனுமதி. வெறும் அசெம்ப்ளி பண்ணினவங்க மூட்டை கட்டணும். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிட்டாங்க. வால்சந்த் பிரிட்டிஷ்காரங்ககிட்ட கேட்டுக் கேட்டுச் சலிச்ச பாதுகாப்பு, அவர் கண் மூடின நேரத்துல கிடைச்சது.

போட்டி இல்லாத முப்பது வருஷம்

1954-ல ஃபியட் 1100 வந்தது. 1964-ல அதோட அடுத்த வடிவமான 1100 டிலைட். ஃபியட்டோட ஒப்பந்தம் முடிஞ்சதும் பெயர் மட்டும் மாறிச்சு: முதல்ல பிரீமியர் பிரசிடென்ட், 1974-ல பத்மினி. அதாவது வால்சந்த் பெயரோட நாம சேர்த்துப் பேசுற காரை வால்சந்த் பார்த்ததே இல்லை.

நல்ல கார்தான், அதுல சந்தேகம் இல்லை. 1089 சிசி, நாலு சிலிண்டர், சுமார் 40 குதிரைத்திறன், ஸ்டியரிங் தண்டுலயே கியர் லீவர், பின் சக்கரத்துக்கு பவர். புத்தூர் நால் ரோட்டுக்குப் பின்னாடி எங்க தெருவுல ஒரு வெளிர் பச்சை ஃபியட் இன்னும் தார்ப்பாய் போர்த்தி நிக்குது. பானெட்டைத் திறந்தா ஒவ்வொரு பாகத்தையும் கையால தொடலாம். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ரேடியேட்டர் எல்லாம் லேப்ல சார்ட்ல வரைஞ்ச மாதிரி தனித்தனியா இருக்கும். ஸ்கேனர் இல்லாம ஒரு மெக்கானிக் அண்ணன் ஸ்பேனர் செட்டை வச்சே அதை ஸ்டார்ட் பண்ணிடுவார்.

பிரச்சினை கார்ல இல்லை, காலண்டர்ல. இத்தாலியில 1966-ல அந்த மாடலை நிறுத்திட்டாங்க. நாம 2000 வாக்கில் வரைக்கும் அதையே செஞ்சோம். வாங்குறவங்களுக்கு வேற வழி இல்லை. அம்பாசடர், பத்மினி, நம்ம சென்னை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இதுல ஒண்ணுதான். பணம் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். வாசல்ல கியூ நிக்கும்போது டிசைனை மாத்த எந்த முதலாளிக்குத் தோணும்?

கம்பெனியை மட்டும் குற்றம் சொல்றது நியாயம் இல்லை. எத்தனை கார் செய்யலாம்னு லைசென்ஸ்ல எழுதியிருக்கும். வெளிநாட்டு மெஷின் வாங்க அந்நியச் செலாவணிக்கு அனுமதி வேணும். காரோட விலையையே அரசு நிர்ணயிச்ச காலம் உண்டு, அதை எதிர்த்து பிரீமியர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. இவ்வளவு கட்டுப்பாட்டுல புது இன்ஜின் டிசைனுக்குப் பணம் ஒதுக்குறது கஷ்டம்தான்.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. சுசுகி தொழில்நுட்பம், குறைஞ்ச எடை, நல்ல மைலேஜ். பிரீமியர் 1985-ல 118 என்இ கொண்டு வந்தது. பாடி பழைய ஃபியட் 124, இன்ஜின் நிசான். அடுத்து 1990-கள்ல பெஜோவோட கூட்டு, 309 கார், தொழிலாளர் பிரச்சினை, சில வருஷத்துல மூடல். ஃபியட்டோட மறுபடி கூட்டு சேர்ந்து ஊனோ. 2009-ல சீன டிசைன்ல ரியோ. எதுவும் நிக்கலை. வரிசையா பாருங்க: கிறைஸ்லர், ஃபியட், நிசான், பெஜோ, கடைசியில சீனா. 60 வருஷத்துக்கு மேல கார் தொழில்ல இருந்த கம்பெனிக்கு முழுசா தன் சொந்த டிசைன்னு மார்க்கெட்டுல பேர் வாங்கின ஒரு கார் கூட இல்லை.

இதுல எது ஜெயிச்சது?

வால்சந்த் தொடங்கினதுல அரசு எடுத்துக்கிட்ட ஹெச்ஏஎல்லும் விசாகப்பட்டினத் தளமும் இன்னைக்கும் இருக்கு. குடும்பத்துகிட்டயே இருந்த கார் இல்லை. அதனால அரசு நல்லது, தனியார் கெட்டதுன்னு முடிவு கட்டிடாதீங்க. ஹெச்சிசி தனியாரா ஆரம்பிச்சு இன்னும் ஓடுது. அவர் சர்க்கரை ஆலை வச்ச வால்சந்த்நகர்ல வளர்ந்த இன்னொரு தனியார் கம்பெனி, வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ், இஸ்ரோ ராக்கெட்டுக்கு மோட்டார் உறை செய்து கொடுக்குது. சின்ன வயசுல நாம சாப்பிட்ட ராவல்காவ் பான் பசந்த் மிட்டாய் கூட அவர் தொடங்கின சர்க்கரைத் தொழில்லிருந்து வந்ததுதான்.

எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் இதுதான். ராக்கெட் உறை செய்றவங்ககிட்ட ஒவ்வொரு தடவையும் புதுசா, கஷ்டமா ஒண்ணு கேட்கிற வாடிக்கையாளர் இருந்தார். பத்மினி செஞ்சவங்ககிட்ட அப்படிக் கேட்க யாரும் இல்லை. வால்சந்த் பாதுகாப்பு கேட்டது தப்பு இல்லை, பிறந்த குழந்தைக்குத் தொட்டில் வேணும். முப்பது வயசு வரைக்கும் தொட்டில்லயே படுக்க வச்சதுதான் தப்பு. அதுக்குக் கம்பெனி, அரசு ரெண்டு பேருமே பொறுப்பு.

இன்னொரு விஷயம் நம்மளைப் பத்தி. அசெம்ப்ளி போதாது, இங்கேயே செய்யணும்னு அவர் 1939-ல அமெரிக்கா வரைக்கும் போய்ப் போராடினார். இன்னைக்கு நாம ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு கிட் வாங்கி, ஒயர் மாட்டி, ரிப்போர்ட்ல டிசைன்னு தலைப்பு போடுறோம். எலக்ட்ரிக் கார்ல பேட்டரி செல் எங்கிருந்து வருதுன்னு ஆட்டோமொபைல் டிபார்ட்மென்ட் நண்பர்களைக் கேளுங்க, பெரும்பாலும் சீனான்னுதான் பதில் வரும். 1930-கள்ல பெட்டியில வந்த பாகங்களும் இதுவும் வேற வேறயா?

மகாராஷ்டிரா சாங்லியில அவர் பெயர்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. டிகிரி முடிக்காத ஒருத்தர் பெயர்ல நம்ம மாதிரி ஆயிரக்கணக்கான பேர் டிகிரி வாங்குறாங்க. அடுத்த தடவை 'பண்ணையாரும் பத்மினியும்' டிவியில ஓடினா, பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஃப்ரெண்டுக்கு இவர் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க.