கடல் கடந்து நியாயம் கேட்ட ஐடா வெல்ஸ்

1892 மார்ச் 9. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் உள்ள மெம்பிஸ் நகரம். விடிவதற்கு முன்பே சிறைக்குள் புகுந்த வெள்ளையர் கும்பல், மூன்று கருப்பின ஆண்களை வெளியே இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. அவர்கள் மளிகைக் கடை நடத்தி வந்தவர்கள். அந்தக் கடை வந்த பிறகு அருகில் இருந்த வெள்ளையரின் கடைக்கு வியாபாரம் குறைந்தது. அதில் மூண்ட தகராறில்தான் அவர்கள் சிறைக்குப் போனார்கள். கொன்றவர்கள் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

கொல்லப்பட்டவர்களில் தாமஸ் மோஸ் என்பவர் தபால்காரர். அவருடைய மகளுக்கு ஞானத்தாய், ஐடா பி. வெல்ஸ் என்ற பத்திரிகையாளர். அந்தக் கொலை அவருடைய வாழ்க்கையைத் திசை மாற்றியது.

ஐடா 1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பி மாநிலத்தில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை தச்சர். அடிமை முறை ஒழிந்த பிறகு பெற்றோர் அவரைப் படிக்க வைத்தார்கள். 1878-இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் தாயையும் தந்தையையும் கொண்டுபோனது. தம்பி தங்கைகள் ஆளுக்கொரு வீட்டுக்குப் பிரிந்து போகக் கூடாது என்று, 16 வயதிலேயே ஆசிரியை வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கினார்.

1880-களில் ஒரு ரயில் பயணம். பெண்கள் பெட்டியில் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்த அவரை, கருப்பினத்தவர் என்பதற்காகவே எழுந்து வேறு பெட்டிக்குப் போகச் சொன்னார்கள். மறுத்தார். கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டார்கள். வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் 500 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 1887-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டத்தின் கதவு யாருக்குத் திறக்கும் என்பதை அன்றே அவர் தெரிந்துகொண்டார்.

பிறகு மெம்பிஸில் பத்திரிகை ஒன்றின் பங்குதாரராகி எழுதத் தொடங்கினார். கருப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று எழுதியதால் ஆசிரியை வேலை போனது. மளிகைக் கடைக்காரர்கள் கொல்லப்பட்டபோது, பாதுகாப்பு தராத ஊரை விட்டுக் கிளம்புங்கள், டிராம் வண்டியில் ஏறாதீர்கள் என்று தம் மக்களுக்கு எழுதினார். ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள். டிராம் கம்பெனிக்காரர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து காரணம் கேட்கும் நிலை ஏற்பட்டது. ஒரு கல்லைக்கூட எறியாத போராட்டம் அது.

பதிலுக்கு 1892 மே மாதம் அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. அப்போது ஐடா வெளியூரில் இருந்தார். திரும்பினால் உயிர் இருக்காது என்று மிரட்டல் வந்தது. ஊருக்குப் போக முடியாதவர், உலகத்திடம் முறையிடக் கிளம்பினார்.

1893-இலும் 1894-இலும் கப்பலேறி இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் சென்றார். அவரை அழைத்தவர்களில் ஒருவர் கேத்தரின் இம்பே. இங்கிலாந்தின் ஒரு கிராமத்திலிருந்து 1888 முதல் சிறு பத்திரிகை நடத்தி வந்த பெண்மணி. அந்தப் பத்திரிகையின் பெயர் 'ஆன்ட்டி கேஸ்ட்'. நம் மொழியில் சொன்னால், சாதி எதிர்ப்பு. நிறத்தைக் காட்டி மனிதரைத் தாழ்த்துவதும் சாதிதான் என்று அந்த வெள்ளைக்காரப் பெண் அன்றே உணர்ந்திருந்தார்.

ஏன் இங்கிலாந்து? மெம்பிஸ் ஒரு பருத்திச் சந்தை. அமெரிக்கப் பருத்தி பெருமளவில் இங்கிலாந்தின் ஆலைகளுக்குத்தான் போனது. உள்ளூரில் அழுதால் கேட்காத காது, வாங்குகிறவன் முகம் சுளித்தால் கேட்கும்.

தேவாலயங்களிலும் பொது மண்டபங்களிலும் ஐடா பேசினார். இரண்டாம் பயணத்தில் மட்டும் 100-க்கும் மேற்பட்ட கூட்டங்கள். கருப்பினத்தவர் சொல்லும் கணக்கைப் பொய் என்று தள்ளிவிடுவார்கள் என்பதால், வெள்ளையர் பத்திரிகைகளில் வந்த செய்திகளையும் எண்ணிக்கைகளையுமே ஆதாரமாக வைத்தார். வெள்ளைப் பெண்களின் மானத்தைக் காக்கவே இந்தக் கொலைகள் என்று சொல்லப்பட்டது. பெரும்பாலான கொலைகளில் அப்படி ஒரு குற்றச்சாட்டுகூட இல்லை என்று காட்டினார்.

1894-இல் லண்டனில் கும்பல் கொலை எதிர்ப்புக் குழு உருவானது. எம்.பி.க்களும் பத்திரிகை ஆசிரியர்களும் அதில் சேர்ந்தார்கள். அமெரிக்க மாநில ஆளுநர்களுக்குக் கண்டனக் கடிதங்கள் பறந்தன. தென்மாநிலப் பத்திரிகைகள் ஐடாவைக் கேவலமாக ஏசின. ஆனால் அதே ஆண்டு மெம்பிஸ் அருகே ஆறு கருப்பினத்தவர் கொல்லப்பட்டபோது, முன்பு வாய் திறக்காத நகர வணிகர்களும் பத்திரிகைகளும் கண்டித்தார்கள். வெள்ளையர்கள் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். ஆனாலும் தண்டனை கிடைக்கவில்லை.

ஊர் திரும்பிய ஐடா, சிகாகோவில் குடியேறி, திருமணம் செய்துகொண்டு, பெண்களின் வாக்குரிமைக்காகவும் போராடினார். 1913-இல் வாஷிங்டன் பேரணியில் கருப்பினப் பெண்கள் பின்வரிசைக்குப் போக வேண்டும் என்றபோது, மறுத்துத் தம் மாநில அணியோடு நடந்தார். 1931 மார்ச் 25 அன்று மறைந்தார்.

அவர் கேட்ட கும்பல் கொலைத் தடைச் சட்டம், அமெரிக்காவில் 2022-இல்தான் நிறைவேறியது. அவர் மறைந்து 91 ஆண்டுகளுக்குப் பிறகு. நியாயம் தாமதமாகலாம். ஆனால் பெயர், தேதி, இடம், காரணம் என்று அவர் எழுதி வைத்த கணக்கை யாராலும் அழிக்க முடியவில்லை. நம் ஊரில் நடக்கும் கொடுமையையும் அப்படியே எழுதி வைக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் அதைத் தொடங்கிவிடலாம்.