தொழிற்கல்வி தந்த ஜி. டி. நாயுடு

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் பிறந்தவர் துரைசாமி நாயுடு. ஜி. டி. நாயுடு என்று நாடு போற்றிய அவர், பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர். ஆயினும், பொறியியற் கல்லூரி ஒன்றின் முதல்வராக விளங்கினார். அவ்வுயர்வுக்கு வித்தாக அமைந்தது, இளமையில் அவர் கொண்ட ஓர் ஆவலேயாகும்.

ஒருநாள், வெள்ளையர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்றதை அவர் கண்டார். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடிய அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை வாங்கியே தீர்வதென உறுதி பூண்டு கோவைக்குச் சென்றார். உணவு விடுதியில் பரிமாறும் பணியாளராய் உழைத்துச் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து வண்டியை வாங்கியதும், அதில் ஏறி உலாவுவதோடு அமைந்தாரல்லர். உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், ஒவ்வோர் உறுப்பும் ஆற்றும் தொழிலை ஆராய்ந்தார், மீண்டும் பூட்டினார். அவ்வண்டியே அவருக்குப் பள்ளியாயிற்று.

1920ஆம் ஆண்டில், ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கில வணிகரின் உதவியோடு பேருந்து ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஒரு வண்டி பலவாய்ப் பெருகி, யு.எம்.எஸ். என்னும் நிறுவனமாக வளர்ந்தது. காலந் தவறாமையும் சீரான நிருவாகமும் அதற்குப் புகழ் தேடித் தந்தன. 1937இல், பீளமேட்டில் அவர் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து இந்திய நாட்டின் முதல் மின்மோட்டார் வெளிவந்தது.

தாம் பெற்ற அறிவு தம்மோடு நின்றுவிடலாகாது என அவர் எண்ணினார். அவருடைய முயற்சியாலும் பொருளுதவியாலும் 1945இல் கோவையில் ஒரு பொறியியற் கல்லூரி தோன்றியது. அந்நாளைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் தாங்கிய அக்கல்லூரிக்கு நாயுடுவே முதல்வரானார். மாணவர் ஏட்டறிவோடு நில்லாது, இயந்திரங்களைத் தம் கையால் தொட்டுப் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆயின், விரைவில் ஒரு முரண்பாடு எழுந்தது. பொறியியற் படிப்பு நான்கு ஆண்டுகள் நிகழ வேண்டும் என அரசினர் கருதினர். இரண்டு ஆண்டுகளே போதும் என்றும், எஞ்சிய காலம் மாணவர்க்கு வீணே கழியும் என்றும் நாயுடு வாதிட்டார். பேருந்தின் நேரத்தைப் பேணியவர், இளைஞரின் வாழ்நாளை அதனினும் அரிய பொருளாக மதித்தார். அரசினர் இணங்கவில்லை. தாம் அரும்பாடுபட்டு உருவாக்கிய கல்லூரியின் முதல்வர் பதவியை அவர் துறந்தார்.

கணிதமும் அறிவியலும் ஆழ்ந்து கற்க நான்கு ஆண்டுகள் வேண்டும் என்போர் பலர். இன்றும் பொறியியற் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகளே நிகழ்கின்றது. எனினும், மாணவரின் காலத்தை வீணாக்கலாகாது என்ற அவர் கருத்தை மறுப்பார் இலர்.

பதவி நீங்கினும் கற்பிக்கும் ஆர்வம் அவரை விட்டு நீங்கவில்லை. இளைஞர் கண்டு கற்குமாறு, 1967இல் கோவையில் நிலையான தொழிற்கண்காட்சி ஒன்று அவரால் அமைந்தது. 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் வித்திட்ட கல்லூரியோ அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயருடன் கோவையில் வளர்ந்தோங்கி, பொறியாளர் பலரை நாட்டிற்கு அளித்து வருகின்றது.