கணித மேதை ஆய்லர்

உலகம் போற்றும் கணித அறிஞருள் லெனார்டு ஆய்லர் தலைசிறந்தவர். அவர் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் 1707 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள் பிறந்தார். அவர்தம் தந்தையார் கிறித்தவ சமயப் போதகர். மகனும் அப்பணியையே மேற்கொள்ள வேண்டும் என விரும்பினார். ஆயினும், ஆய்லரின் உள்ளம் கணிதத்திலேயே தோய்ந்து கிடந்தது. பேராசிரியர் ஜோகான் பெர்னூலி சனிக்கிழமைதோறும் அவருடைய ஐயங்களைத் தீர்த்துவைத்தார். அவர் எடுத்துரைக்கவே, தந்தையாரும் இசைந்தார். 1727 ஆம் ஆண்டில் ஆய்லர் உருசிய நாட்டுப் பீட்டர்சுபர்க் நகரின் அறிவியற் கழகத்தில் சேர்ந்தார்.

அங்கிருந்தபோது, கோல்டுபாக் என்னும் நண்பர் கடிதவாயிலாக அவருக்கு ஒரு வினாவை நினைவூட்டினார். அதனை எழுப்பியவர், முந்திய நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த பெர்மா என்பவர். இரண்டை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு முறை எழுதிப் பெருக்கி, ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என்னும் எண்கள் கிடைக்கும். இவை யாவும் பகா எண்கள். இவ்வரிசையில் வரும் எண்கள் அனைத்துமே பகா எண்களாம் எனப் பெர்மா நம்பினார். அடுத்த எண் 4,29,49,67,297 ஆகும். இத்துணைப் பெரிய எண்ணை யார் வகுத்துப் பார்ப்பது?

ஆய்லர் பார்த்தார். 1732 ஆம் ஆண்டில், அவ்வெண் 641 ஆல் மீதியின்றி வகுபடும் என்றும், ஈவு 67,00,417 என்றும் காட்டினார். இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 64 ஆல் வகுத்தால் 1 மீதி வருதல் வேண்டும் என்பதையும் பின்னர் நிறுவினார். அவ்விதிப்படி முறையே 193, 257, 449, 577 ஆகியவற்றை ஆய்ந்தால், ஐந்தாவதாக நிற்பது 641! இவ்வரிசையில் முதல் ஐந்தைத் தவிர வேறொரு பகா எண் இன்றளவும் கண்டறியப்படவில்லை.

1738 ஆம் ஆண்டளவில் ஆய்லரின் வலக்கண் ஒளி இழந்தது. 1741 முதல் பெர்லினில் பணியாற்றி, 1766 இல் பீட்டர்சுபர்க் திரும்பியபின், மற்றொரு கண்ணும் மங்கியது. 1771 இல் செய்த அறுவை மருத்துவமும் நிலைத்த பயன் தரவில்லை. அவ்வாண்டிலேயே அவருடைய இல்லம் தீக்கிரையாயிற்று. இத்தனை இடர்களும் அவர் ஊக்கத்தைக் குலைக்கவில்லை. தாம் மனத்துள் கணித்தவற்றைச் சொல்ல, மற்றவர் எழுதினர்.

1772 ஆம் ஆண்டில், 2,14,74,83,647 என்பது பகா எண்ணே என அவர் அறிவித்தார். இதனை அறிய, 46,340 வரையுள்ள பகா எண்கள் பல்லாயிரத்தால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். ஆய்லரோ, 248 ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தருவனவற்றை மட்டும் ஆய்ந்தால் போதும் எனக் கண்டு, அப்பெரும்பணியைச் சுருக்கினார்.

1783 ஆம் ஆண்டு செப்டம்பர் 18 ஆம் நாள் அப்பேரறிஞர் மறைந்தார். சான்றோர் கூற்றாயினும் ஆராய்ந்தே தெளிதல் வேண்டும் என்பதும், புறக்கண் இருண்டாலும் அறிவுக்கண் இருளாது என்பதும் அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மைகளாம்.