கௌடி கட்டிய அடுக்குமாடி

போன கூட்டத்தில் கீழ்த்தளத் தூண் கார் திருப்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று அரைமணி நேரம் பேசினோம், ஞாபகம் இருக்கிறதா? இதே பிரச்சினை நூறு வருடத்துக்கு முன்பே பார்சிலோனாவில் ஓர் அடுக்குமாடியில் வந்ததாம். அதைக் கட்டியவர் அந்தோணி கௌடி.

ஸ்பெயின் நாட்டில் 1852-ல் பிறந்தவர். அப்பா செம்புப் பாத்திரத் தொழிலாளி. 1878-ல் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். இன்னும் கட்டி முடியாத சக்ராத ஃபமிலியா தேவாலயத்தால்தான் பலருக்கும் அவரைத் தெரியும். நான் சொல்ல வந்தது காசா மிலா என்ற வீட்டைப் பற்றி.

1906-ல் மிலா தம்பதி தங்களுக்கும் வாடகைக்கு விடவும் அதைக் கட்டச் சொன்னார்கள். முகப்பு கடல் அலை மாதிரி வளைந்து வளைந்து போகும். அந்தக் கல் சுவர் மாடிகளைத் தாங்கவில்லை. பாரம் முழுக்க உள்ளே தூண்களிலும் இரும்பு உத்தரங்களிலும். அதனால் அறைச் சுவர்களை இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். நடுவே இரண்டு முற்றங்கள். எல்லா வீட்டுக்கும் வெளிச்சம், காற்று. அந்தக் காலத்திலேயே நிலவறையில் வண்டி நிறுத்த இடமும் உண்டு. குடித்தனக்காரர் ஒருவரின் கார் திரும்பவில்லை என்றதும் ஒரு தூணை மாற்றிக் கொடுத்தாராம். நமக்கு அந்த யோகம் இல்லை!

குடியிருப்பவர் சொன்னால் கேட்டவர், நகராட்சி சொன்னால் கேட்கவில்லை. ஒரு தூண் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வேலையை நிறுத்தினார்கள். அவர் அசையவில்லை. கடைசியில் இது நினைவுச்சின்னம் போன்ற கட்டடம் என்று விதிவிலக்குத் தந்தார்கள். ஊர்க்காரர்களோ கல் குவாரி என்று கேலி செய்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கட்டணத் தகராறு கோர்ட்டுக்குப் போனது. கௌடி ஜெயித்தார். பணம் கொடுக்க மிலா குடும்பம் வீட்டையே அடமானம் வைத்தது. அவரோ வந்த தொகையைத் தருமத்துக்குக் கொடுத்துவிட்டார். பணத்துக்காக இல்லை, நியாயத்துக்காக என்று வைத்துக்கொண்டாலும், எனக்கு அந்த அம்மாள் ரோசர் மீதுதான் இரக்கம். பெரும்பாலும் அவர் சொத்துப் பணம் அது.

1926 ஜூனில் கௌடியை டிராம் மோதியது. கசங்கிய உடையைப் பார்த்துப் பிச்சைக்காரர் என்று நினைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் இறந்தார். அதன்பின் ரோசர் தன் வீட்டின் உட்புறத்தை அவர் ரசனை தெரியாதபடி மாற்றியமைத்துக்கொண்டார்.

1984-ல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1986-ல் அதை வாங்கியது யார் தெரியுமா? ஒரு சேமிப்பு வங்கி. வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். வெளியே டிக்கெட் வாங்க வரிசை நிற்க, பழைய குடித்தனக்காரர்கள் சிலர் அதன் பிறகும் அங்கேயே குடியிருந்தார்கள்.